விறகு ஏற்ற ஒரு பழைய ஃபோர் வீல் பிக்கப்

கேள்வி: தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்கு ஏழு ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. ஊடே மிளகு, நிழலுக்கு சில்வர் ஓக். தார் ரோட்டிலிருந்து களம் வரைக்கும் முக்கால் கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் ஓர் ஓடை, ஓடையைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். கவாத்து கட்டைகளும் நிழல் மரக் கிளைகளுமாக வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு டன் விறகு கிடைக்கும். வீட்டுக்குப் போக மிச்சத்தை வத்தலக்குண்டில் விற்கிறோம். உரமும் வேலையாட்களும் வண்டியில்தான் வர வேண்டும். நாலு லட்சத்துக்குள், நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஃபோர் வீல் பிக்கப் ஒன்று தேடுகிறேன். மூன்று பார்த்தேன்: 2012 மாடல் பொலேரோ கேம்பர், ராமநாதபுரம் பக்கமிருந்து வந்த, புதுப் பெயின்ட் அடித்த டாடா ஸெனான், பின்னால் தொட்டி கட்டிய பழைய எம்.எம். 540 ஜீப். மூன்றிலும் "ஃபோர் வீல் பக்கா" என்கிறார் புரோக்கர். கேம்பரில் லீவரைப் போட்டு லைட் எரிவதையும் காட்டினார். எதை எடுக்கலாம் அண்ணே?

பதில்: தம்பி, ஃபோர் வீல் லைட் எரிந்தால் சுவிட்சும் ஒயரும் பல்பும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம், அவ்வளவுதான். முன் சக்கரம் இழுக்கிறதா என்பதை அது சொல்லாது. பட்டறைக்கு வரும் பழைய ஃபோர் வீல் வண்டிகளில் முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகிற முன்பக்க புரொப்பல்லர் ஷாஃப்டே இல்லாத வண்டிகளும் உண்டு. ஷாஃப்டின் மூட்டான கிராஸ் தேய்ந்து சத்தம் வந்திருக்கும், மாற்றச் செலவாகும் என்று பழைய ஓனர் ஷாஃப்டைக் கழற்றி வீட்டுப் பின்னால் போட்டிருப்பார், கேட்டால் "மைலேஜ் கூடுதுண்ணே" என்பார். அந்த வண்டியிலும் லீவர் விழும், லைட் எரியும், வண்டி பின் சக்கரத்தில் மட்டும் போகும். அதனால் விலை பேசுவதற்கு முன்னால் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். கியர் பாக்ஸுக்குப் பின்னால், சக்தியை முன்னும் பின்னும் பிரித்து அனுப்புகிற ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னால் ஒரு ஷாஃப்டும் முன்னால் ஒரு ஷாஃப்டும் போக வேண்டும். முன்னால் போவது இல்லையென்றால் எழுந்து டீ குடிக்கப் போகலாம்.

வண்டிக்கு வருவதற்கு முன் உங்கள் பாதையைப் பற்றி ஒன்று. ஓடை தாண்டியதும் ஏற்றம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது களத்துக்குப் போகும்போது ஏற்றம், அதாவது காலி வண்டிக்கு. விறகு ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அதே இடம் இறக்கம், அடியில் ஓடை, அதற்கப்புறம்தான் ரோடு வரைக்குமான சாதாரண ஏற்றம். இது முக்கியமான விஷயம், வண்டி தேடும் பாதிப் பேர் யோசிப்பதில்லை. பிக்கப் வண்டியில் இன்ஜினும் கேபினும் முன்னால் இருப்பதால், காலியாக இருக்கும்போது பின் சக்கரத்தின் மேல் எடை குறைவாகத்தான் இருக்கும். செங்குத்தில் பொடி மண்ணோ சருகோ கிடந்தால் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். எடை இருக்கிற முன் சக்கரமும் சேர்ந்து இழுத்தால் அலட்டாமல் ஏறிவிடும். ஆக, உங்களுக்கு ஃபோர் வீல் தேவைதான், ஆனால் நீங்கள் நினைத்த மாதிரி லோடை மேலே இழுக்க இல்லை, காலி வண்டியை மேலே கொண்டுபோகவும் லோடு வண்டியைக் கீழே பத்திரமாக இறக்கவும். இறக்கத்துக்கு வேண்டியது லோ கியர். ட்ரான்ஸ்ஃபர் கேஸில் லோ போட்டால் பல வண்டிகளில் சக்கரத்தின் சுழற்சி ஏறத்தாழ இரண்டரையில் ஒரு பங்காகக் குறையும்; முதல் கியரில் விட்டுவிட்டு பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே நடை வேகத்தில் இறங்கலாம், இன்ஜின் நான்கு சக்கரத்தையும் பிடித்து வைத்திருக்கும். லோ விழாத வண்டியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

அடுத்தது விறகின் எடை. எட்டடி நீளம், ஐந்தடி அகலம், ஒன்றரை அடி உயரப் பக்கப் பலகை உள்ள தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கன அடி, அதாவது 1.7 கன மீட்டர். கட்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடைவெளிதான், மரம் என்று பார்த்தால் ஒரு கன மீட்டர் சொச்சம் இருக்கும். வெட்டிய பச்சை மரம் கன மீட்டருக்குத் தொள்ளாயிரம், ஆயிரம் கிலோ வரும். ஆக பலகை மட்டத்துக்கு அடுக்கினாலே ஒரு டன் ஆகிவிட்டது. நம் ஆட்கள் பலகைக்கு மேலே நாலு பக்கமும் கம்பு நட்டு, ஆள் உயரத்துக்கு அடுக்கி, கயிறு போட்டு இறுக்கி, "இன்னும் கொஞ்சம் புடிக்கும்" என்பார்கள். அது இரண்டு டன்னைத் தாண்டிப் போயிருக்கும். பின் பட்டை (ஸ்பிரிங்) உடைவதும் ஹவுசிங் (அச்சைச் சுற்றிய கூடு) வளைவதும் இப்படித்தான், ரோடு மோசம் என்று பழி ரோட்டின் மேல் விழும்.

உங்கள் வண்டி எவ்வளவு தாங்கும் என்பது ஆர்.சி.யிலேயே இருக்கிறது. மொத்த எடை என்று ஒரு எண், காலி எடை என்று ஒரு எண். கழித்தால் வருவதுதான் லோடு, ஆட்களும் அதற்குள்தான். உதாரணத்துக்கு 2700, 1750 என்று போட்டிருந்தால் மிச்சம் 950 கிலோ. டிரைவரோடு ஐந்து பேர் உட்கார்ந்தால் 330 கிலோவாவது போய்விடும், விறகுக்கு 600 சொச்சம். இங்கேதான் கேம்பர் எனக்குப் பிடிக்கிறது. இரண்டு வரிசை சீட் இருப்பதால் பின்னால் தொட்டி ஐந்தடி நீளத்துக்குள் முடிந்துவிடும், பலகை மட்டத்துக்கு அடுக்கினால் பச்சை விறகு அறுநூறு எழுநூறு கிலோ. வண்டி தாங்குகிற அளவும் தொட்டி கொள்கிற அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்துவிடுகிறது. பெரிய தொட்டி உள்ள வண்டியில் நீங்கள் கட்டுப்பாடாக இருந்தாலும், ஏற்றுகிற ஆள் இருக்க மாட்டார்.

இன்னொரு வழியும் இருக்கிறது, காசு செலவில்லாதது. பச்சை மரத்தின் எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர். பிளந்து, தரையில் படாமல் அடியில் இரண்டு கட்டை கொடுத்து, வெயிலும் காற்றும் படுகிற மாதிரி அடுக்கி வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் குறையலாம். காப்பி எடுத்து முடித்துப் பிப்ரவரி, மார்ச்சில் கவாத்து செய்வீர்கள், கட்டையை மே மாதம் வரைக்கும் களத்திலேயே காய விட்டு, அப்புறம் இறக்குங்கள். நிழல் மரக் கிளை கழிப்பது மழைக்கு முன்னால் வரும், அதையும் ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ரோட்டோரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். உங்கள் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும். அந்த மூன்று மாதம் ஓடையைத் தாண்டி லோடு அடிக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால் வண்டியின் ஆயுள் எங்கேயோ போய்விடும். காய்ந்த விறகுக்கு வாங்குகிறவரும் கூடுதல் விலை கொடுப்பார், எடை குறைந்தாலும் பெரிய நஷ்டம் வராது. டன் கணக்கில் விற்பவருக்குப் பச்சையாகத் தள்ளிவிடத்தான் ஆசை வரும், அது எனக்கும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்குப் பன்னிரண்டு டன் என்பது 700 கிலோ வீதம் பதினேழு பதினெட்டு நடை. விறகுக்கு மட்டும் என்றால் வாடகை ஜீப்பே போதும், நாலு லட்சத்தை முடக்கத் தேவையில்லை என்று எழுதியிருப்பேன். உரம், ஆட்கள், காப்பி மூட்டை எல்லாம் இருப்பதால்தான் வாங்குங்கள் என்கிறேன்.

சரி, உங்கள் மூன்று வண்டிக்கு வருவோம். ஸெனானைப் பற்றி என் கவலை கம்பெனியும் மாடலும் இல்லை, நல்ல வண்டிதான், 2.2 லிட்டர் இன்ஜினில் இழுவைக்குக் குறையில்லை. அது வந்த ஊரும் புதுப் பெயின்டும்தான் கவலை. கடற்கரையில் மீன் லோடு ஓடிய வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தொட்டியிலிருந்து வழிந்து சேசிஸ் (அடிச்சட்டம்) மேலேயே சொட்டிக்கொண்டிருக்கும். வெளியே கலர் பளபளக்கும், உள்ளே சேசிஸ் பெட்டிக்குள் துரு தின்றிருக்கும். ஒரு சின்ன சுத்தியல் எடுத்துக்கொண்டு போங்கள். பின் பட்டை சேசிஸில் மாட்டுகிற ஷேக்கிள் இடம், தொட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பின் சக்கரத்துக்கு நேர் மேலே, இந்த மூன்று இடத்திலும் லேசாகத் தட்டுங்கள். நல்ல இரும்பு என்றால் கணீர் என்று கேட்கும். பொத்தென்று சத்தம் வந்தாலோ சல்லடையாகத் துரு உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள். அடியில் கெட்டியாகக் கறுப்பு தார் பூச்சு புதிதாக அடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள், அந்தப் பூச்சுக்கு மேலேயும் தட்டிப் பாருங்கள், விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சேசிஸில் வெல்டிங் வைத்த தடம் இருந்தால், எங்கே, ஏன் என்று கேளுங்கள். இன்ஜினைக் கூட இறக்கிச் செய்துவிடலாம். சேசிஸ் போன வண்டியை வாங்கினால் எடைக்குப் போடுகிற நாள் வரைக்கும் அதோடு மாரடிக்க வேண்டும்.

540 ஜீப் தோட்டத்துக்குள் ராஜா. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பல் சக்கர வகை, செயின் கிடையாது, மரத்தடியில் வைத்தே பிரித்துப் பூட்டலாம். குட்டை வண்டி என்பதால் கொண்டை ஊசியிலும் காப்பிச் செடிகளுக்கு ஊடேயும் ஒடித்துத் திருப்பலாம். ஆனால் தொட்டியைப் பின்னால் நீட்டிக் கட்டியிருந்தால் எடை பின் அச்சுக்குப் பின்னால் விழும், ஏற்றத்தில் முன் சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. நானூறு கிலோவுக்கு மேல் அதில் போட வேண்டாம். தவிர, ஆர்.சி.யில் பாடி என்ன என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ஜீப் என்று எழுதிவிட்டு நேரில் தொட்டி இருந்தால் அது அனுமதியில்லாத மாற்றம், எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுக்கும்போதும் மாட்டும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் மாட்டும். வத்தலக்குண்டு வரை விறகு இறக்கப் போகிற உங்களுக்கு அது சரிப்படாது. உங்கள் வேலை தோட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும் என்றால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

ஆக கேம்பர். 2012 வண்டி என்றால் 2523 சி.சி. டீசல் இன்ஜின், நம் மலை ஊர்களில் இதைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் கிடையாது, உதிரிப் பாகம் திண்டுக்கல்லிலும் தேனியிலும் சுலபமாகக் கிடைக்கும். புரோக்கர் அடுத்து ஜிப்ஸி காட்டுவார், அது எங்கேயும் ஏறும், ஆனால் 1.3 லிட்டர் பெட்ரோல், விறகு வண்டி இல்லை. இசுசு வி-கிராஸ் காட்டினால் இந்தப் பட்ஜெட்டில் வருவது ஏன் இவ்வளவு மலிவு என்று யோசிக்க வேண்டிய வண்டியாகத்தான் இருக்கும்.

கேம்பரைப் பார்க்கக் காலையில் போங்கள், நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஒரே செல்ஃபில் பிடிக்க வேண்டும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் லேசாக ஆவி வரலாம். குபுகுபுவென்று புகை தள்ளி மூடியையே ஆட்டினால் பேக் கம்ப்ரெஷன், இன்ஜின் வேலை பக்கத்தில் இருக்கிறது. நீலப் புகை விட்டால் ஆயில் எரிகிறது. இன்ஜினுக்கு இவ்வளவு போதும், இதை யாரும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை நம்பாதீர்கள், பிரேக் பெடல் ரப்பரும் டிரைவர் சீட்டும் சொல்வதை நம்புங்கள்.

ஃபோர் வீலைச் சோதிப்பதுதான் நேரம் எடுத்துச் செய்ய வேண்டியது, அதுவும் தார் ரோட்டில் வேண்டாம். இந்த வகை வண்டிகளில் ஃபோர் வீல் போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கூடுதல் தூரம் போக வேண்டும், மண்ணில் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும், தாரில் வழுக்காது, முறுக்கம் முழுக்க ட்ரான்ஸ்ஃபர் கேஸிலும் கிராஸிலும் ஏறும். இந்தக் குணத்தையே சோதனைக்குப் பயன்படுத்தலாம். ஒரு மண் தரைக்கு வண்டியைக் கொண்டுபோய், லீவரை டூ ஹெச்சில் (பின் சக்கரம் மட்டும் இழுப்பது) வைத்து, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் போடுங்கள். வண்டி லேசாகச் சுற்றும். நிறுத்தி ஃபோர் ஹெச் (நான்கு சக்கரமும் இழுப்பது) போட்டு, இருபதடி நேராகப் போய்விட்டு அதே வட்டத்தைப் போடுங்கள். இப்போது யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி திணற வேண்டும், ஸ்டீயரிங் கனக்க வேண்டும், வட்டம் கொஞ்சம் பெரிதாக வேண்டும். முதல் தடவை மாதிரியே சுகமாகச் சுற்றினால் முன் சக்கரத்துக்குச் சக்தி போகவில்லை. முன் சக்கர ஹப் பூட்டவில்லையா, ஷாஃப்ட் இல்லையா, உள்ளே கியரைத் தள்ளுகிற ஃபோர்க் உடைந்ததா என்பது அப்புறம்.

சில வண்டிகளில் முன் சக்கர நடுவில் கையால் திருப்புகிற ஹப் லாக் இருக்கும், அதைப் பூட்டாமல் லீவரை மட்டும் போட்டால் எதுவும் நடக்காது, அதனால் முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல வருடம் தொடாமல் துருப்பிடித்து இறுகிப்போன ஹப்பை நிறையப் பார்க்கலாம். விரலால் திரும்ப வேண்டும், ஸ்பானர் கேட்கக் கூடாது.

அடுத்து வண்டியை முழுக்க நிறுத்தி, கிளட்சை மிதித்து, லோ போடுங்கள். கடகடவென்று அரைத்தாலும் ஒன்றிரண்டு முறை முயற்சி செய்தால் விழ வேண்டும். முதல் கியரில் ஒரு மேட்டில் ஏற்றி, பாதியில் நிறுத்தி, திரும்ப எடுங்கள். ஏறும்போது அடியிலிருந்து 'டக் டக்' என்று ஏதோ பல் தாவுகிற மாதிரி உதறினால், செயின் வகை ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்றால் செயின் நீண்டிருக்கலாம், அது சின்னச் செலவு கிடையாது. அதே மேட்டில் இறக்கி விடுங்கள், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் லீவர் தானாக வெளியே குதித்தால் அந்த வண்டியில் நீங்கள் லோடோடு இறங்கக் கூடாது. உங்கள் பாதைக்கு இந்த ஒரு சோதனைதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

இதெல்லாம் நன்றாக இருந்தால் முன் ஹவுசிங்கின் ஆயில் மூடியைக் கழற்றச் சொல்லி ஒரு விரலை விட்டுப் பாருங்கள். கறுப்பாகவோ தேன் நிறத்திலோ இருந்தால் சரி. பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஓடையில் இறங்கும்போது சூடான ஹவுசிங் குளிர்ந்து, மூச்சுக் குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். விரலில் மினுமினுவென்று இரும்புத் தூள் ஒட்டினால் உள்ளே இருக்கிற பல் சக்கரங்கள், அதாவது கிரவுன் பினியன், தேய்கிறது. பின் ஹவுசிங்கிலும் இதையே செய்யுங்கள். விற்கிறவர் "ஆயில் போன மாசம்தான் மாத்துனேன்" என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

டயர் நான்கும் ஒரே அளவு, கிட்டத்தட்ட ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். முன்னால் பழைய ரோடு டயர், பின்னால் புதுப் பட்டன் டயர் என்று இருந்தால் சுற்றளவு மாறும், நேர் பாதையிலேயே ஃபோர் வீல் முறுக்கிக்கொள்ளும். ஒரு நூலைச் சுற்றி அளந்தால் தெரிந்துவிடும். பட்டையில் உடைந்த இலை இருக்கிறதா, கூடுதலாக இரண்டு இலை சொருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். கூடுதல் பட்டை போட்ட வண்டி அதிக லோடு அடித்த வண்டி, அதன் சேசிஸையும் ஹவுசிங்கையும் இரண்டாவது முறை பாருங்கள். பட்டை சேர்த்தால் வண்டி கீழே உட்காராது, ஆனால் பிரேக்கும் அச்சும் பழைய பிரேக்கும் அச்சும்தான். பின் அச்சுக்கு மேலே ஒரு சின்னக் கம்பி போய்ச் சேருகிற வால்வு இருந்தால், அது லோடுக்குத் தகுந்தபடி பின் பிரேக்கை அளக்கிற வால்வு. கம்பியைக் கழற்றி ஒயரால் கட்டி வைத்திருந்தால் சரிசெய்த பிறகுதான் மலையில் ஓட்டலாம். வண்டியை நியூட்ரலில் போட்டு இன்ஜினை நிறுத்தி இறக்கும் பழக்கம் நம் மலைப் பாதைகளில் இன்னும் இருக்கிறது. இன்ஜின் நின்று, பிரேக்குக்கு உதவுகிற வாக்குவம் போனால் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும், எவ்வளவு டீசல் மிச்சமானாலும் செய்யாதீர்கள்.

பேப்பர் விஷயம். ஆர்.சி.யில் இருக்கிற சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் தேடிப் பிடித்து ஒப்பிடுங்கள். கடன் இருந்தால் ஆர்.சி.யில் ஹெச்.பி. என்று இருக்கும், ஃபைனான்ஸின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்ற படிவம் 29, 30. வெளி மாநில வண்டி என்றால் படிவம் 28. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கெடுபிடி இருப்பதால் அங்கிருந்து மலிவாக ஃபோர் வீல் வண்டிகள் தெற்கே வருகின்றன, அதில் என்.ஓ.சி. முறையாக இல்லாவிட்டால் விலை குறைந்ததன் காரணம் உங்கள் தலையில் விடியும். கேம்பர் மஞ்சள் போர்டு, எட்டு வருடம் தாண்டியது, ஆகவே வருடா வருடம் எஃப்.சி. காட்ட வேண்டும், எஃப்.சி. எதுவரைக்கும் இருக்கிறது என்று பார்த்து, புதிதாக எடுத்துக் கொடுக்கச் சொல்லிப் பேசுங்கள். மொத்த எடை 3000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டாம். உங்கள் சாதாரண கார் லைசென்ஸே போதுமா என்று யாராவது பயமுறுத்தினால், 7500 கிலோவுக்குள் இருக்கும் இலகு ரக சரக்கு வண்டிக்கு அதுவே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்விலேயே சொல்லிவிட்டது. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள். ஆட்களைக் கேபினில் மட்டும் ஏற்றுங்கள், விறகுக்கு மேல் உட்கார வைத்து இறக்கினால், ஏதாவது ஆனால் அவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம். அதிக லோடுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுகிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. ஒரு தடவை மாட்டினால் அந்த வருட விறகுக் காசில் பெரும் பங்கு போய்விடும்.

விறகுக்கும் பேப்பர் உண்டு. கொடைக்கானல் மாதிரி மலைப்பகுதியில் சொந்த நிலமே ஆனாலும் மரம் வெட்ட 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வாங்க வேண்டும், கீழே கொண்டுபோகிற மரத்துக்கு வனத்துறையின் போக்குவரத்து அனுமதி கேட்பார்கள். எந்தக் கட்டைக்கு எது வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை வனச்சரகர் அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்கி, வண்டியில் வையுங்கள்.

வாங்கியபின் முதல் வாரமே ஐந்து இடத்தில் ஆயில் மாற்றுங்கள்: இன்ஜின், கியர் பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங். ட்ரான்ஸ்ஃபர் கேஸில் சிலவற்றுக்கு கியர் ஆயில், சிலவற்றுக்கு ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியருக்கான ஆயில்), மேனுவலைப் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள், பட்டறையில் திறந்திருக்கிற டின்னிலிருந்து ஊற்ற விடாதீர்கள். மாதம் ஒரு தடவையாவது மண் பாதையில் ஃபோர் வீலும் லோவும் போட்டு ஒரு கிலோமீட்டர் ஓட்டுங்கள், போடாமல் விட்டால்தான் ஹப்பும் லீவரும் இறுகும். கட்டைகளை இரண்டடியாக அறுத்து, கனமானவற்றைக் கேபினை ஒட்டி அடியிலும் லேசானதைப் பின்னாலும் மேலேயும் அடுக்குங்கள். முதல் முறை பலகை மட்டத்துக்கு ஏற்றியதும் வத்தலக்குண்டில் எடை மேடையில் ஏற்றிப் பார்த்து, அந்த உயரத்தைத் தொட்டியின் உள்பக்கம் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்துவிட்டால் ஏற்றுகிற ஆளோடு தினம் சண்டை போட வேண்டியதில்லை.

கேம்பரின் ஆர்.சி.யில் மொத்த எடை, காலி எடை என்னவென்று எழுதி அனுப்புங்கள். கூடவே அடியில் படுத்து எடுத்த படங்கள் வேண்டும், முன் ஷாஃப்ட், பின் பட்டை, ஷேக்கிள் இடம். பெயின்ட் தெரிகிற படம் வேண்டாம், அதைப் புரோக்கரே நிறைய அனுப்பியிருப்பார்.